ஐயம் எழுந்தால் அறிவிப்பதே கடமை

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு அண்டை வீட்டாரே உறவினர். தாராவியிலாயினும், தில்லிக் கரோல் பாகிலாயினும், பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் இல்லங்களில், பள்ளி விட்டு வரும் குழந்தையைப் பக்கத்து வீட்டாரிடமோ, டியூஷன் ஆசிரியரிடமோ, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் உறவினரிடமோ ஒப்படைப்பது வழக்கம். இவ்வழக்கம் பெரும்பாலும் நன்மையே பயக்கிறது. எனினும் அந்த நம்பிக்கையைத் தீமைக்குப் பயன்படுத்துவோரும் உளர். ஒரு குழந்தை துன்புறுத்தப்படுகிறதோ என்ற ஐயம் எழுங்கால் நாம் செய்யத்தக்கது யாது என்பதை இன்று ஆராய்வோம்.

மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை விசாரித்ததில், நூற்றுக்கு 53 பேர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகக் கூறினர். அவர்களுள் ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளினும் குறைந்தவர் அல்லர். கொடுமை செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள். அதன் நம்பிக்கைக்கு உரியவர்கள். ஆகவே, முன்பின் அறியாதவனை மட்டும் அஞ்சினால் போதும் என்று எண்ணுவது பிழை.

அறிகுறிகள் எவை? கீழே விழுந்தால் முட்டியிலும் முழங்கையிலும் காயம் படுவது இயல்பு. முதுகு, தொடை, காது, கன்னம் ஆகிய இடங்களில் தடிப்பும் சூட்டுக் காயமும் காணப்படின், அல்லது காரணம் கேட்கும்போதெல்லாம் வெவ்வேறு விடை வருமாயின், கருத்துடன் நோக்க வேண்டும். நடக்கவும் உட்காரவும் வருந்துதல், சிறுநீர் கழிக்கையில் வலி, நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், படிப்பில் திடீர்ச் சரிவு, வயதுக்கு மிஞ்சிய பாலியல் பேச்சு, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் மட்டும் ஒடுங்குதல், எங்கிருந்து வந்ததென்று கூற மறுக்கும் பரிசுப் பொருள்கள் ஆகியனவும் குறிப்புகளாம். இவற்றுள் ஒன்று மட்டும் இருப்பின் அது சான்றாகிவிடாது. வேறு காரணமும் இருக்கலாம். ஆயினும் பல ஒருங்கே தோன்றின் அலட்சியம் செய்தல் தகாது.

குழந்தை வாய் திறந்து சொல்லுமாயின் அமைதியாகக் கேட்க வேண்டும். "அவர்தானே செய்தார்?" என்று விடையை நாமே எடுத்துக் கொடுத்தல் கூடாது. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்களிப்பதும் கூடாது. அவ்வாக்கைக் காக்க இயலாது. "உன்மேல் பிழையில்லை; சொன்னது நல்லது" என்று தேற்றினால் போதும். கூறிய சொற்களை அப்படியே, நாளும் நேரமும் குறித்து எழுதிவைத்தல் நன்று. குற்றம் அண்மையில் நிகழ்ந்ததாயின், உடைகளைத் துவைக்காமல் குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ஐயத்துக்குரியவரிடம் நாமே சென்று வாதிடுவது தீங்காகும். அவர் குழந்தையை அச்சுறுத்தி வாயடைக்கக்கூடும்.

அறிவிக்கும் கடமையைச் சட்டமே நம்மீது சுமத்தியுள்ளது. போக்ஸோ என வழங்கும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பாத எவரும் இச்சட்டப்படி குழந்தையே. குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவரும், நிகழக்கூடும் என அஞ்சுபவரும் காவல் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. அறிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடர இயலாது. மெய்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையதன்று; வேண்டுமென்றே பொய் புனைவதே குற்றம். பாலியல் அல்லாத அடி, பட்டினி, புறக்கணிப்பு ஆகியவற்றைப் பொறுப்பாளரே இழைப்பின், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு தண்டனை விதிக்கிறது.

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். அவசரத்தில் 112 உண்டு. அழைப்பை ஏற்பவர் தமிழ் அறியாதவராயிருத்தல் கூடும். ஆதலின் வீட்டு முகவரியை அவ்வூர் மொழியில் எழுதி வைத்திருத்தல் பயன் தரும். விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது நிகழ்ந்த கொடுமையை இங்கே திரும்பியபின் அறிந்தோமாயின், அந்த ஊருக்கே போகவேண்டும் என்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எங்கே நிகழ்ந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம்.

காவல் நிலையம் என்றதும் குழந்தை மருளுமே எனும் அச்சம் இயல்பானது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் இல்லத்திலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை பெண் அதிகாரியே, சீருடையின்றி அதனைச் செய்ய வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்க வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருத்தலாகாது. அதன் பெயரையும் பள்ளியையும் செய்தித்தாள்கள் வெளியிடுதல் குற்றம்.

நம்மவர்க்கு இன்றியமையாத விதி ஒன்றுண்டு. பதிவு செய்யும் மொழி குழந்தைக்கு விளங்காதாயின் மொழிபெயர்ப்பாளரை அமர்த்த வேண்டும். இதனை நாம் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஏனெனில், தமிழ்க் குழந்தை பக்கத்து வீட்டாரையும் "மாமா" என்கிறது. கடைக்காரரையும் "அண்ணா" என்கிறது. அதனைத் தாய்மாமன் என்றும் உடன்பிறந்தவன் என்றும் மாற்றி எழுதிவிட்டால், குற்றவாளி தப்பவும் குற்றமற்றவர் சிக்கவும் இடமுண்டு. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் இதனை அனுபவத்தால் அறிவோம்: பிள்ளையின் சொல்லைத் திருத்தாமல், மெருகிடாமல், அவ்வாறே தருதல் வேண்டும். "எந்த மாமா?" என்பதைக் குழந்தையிடமே கேட்டுத் தெளிதல் நலம்.

"அயலூரில் வந்து வம்பு எதற்கு? நம்மவர் மானம் போகுமே" என்பார் உண்டு. மறைப்பதால் காக்கப்படுவது தீமை செய்தவனே; குழந்தை மறுநாளும் அவன் கையிலேயே இருக்கும். பெற்றோர் தொலைவில் வேலை செய்கையில் அந்தக் குழந்தையின் முகத்தை நாள்தோறும் காண்பவர் நாமே. நாம் கண்டதைச் சொல்லாவிடில் சொல்வதற்கு வேறொருவர் இல்லாமற் போகலாம்.