கண் இமை அறுவைக்குப் பின் அவசரம் வேண்டாம்

வயது ஏற ஏற மேல் இமையின் தோல் தளர்ந்து கண்ணை மறைப்பது இயல்பு. சிலர் அழகுக்காக அதை வெட்டித் தைத்துக்கொள்கிறார்கள். மரம் சீவும்போது வெட்டுக்கோடு சரியாகத் தெரியவில்லை என்று செய்துகொள்பவர்களும் உண்டு. காரணம் எதுவானாலும் புண் ஆறும் விதம் ஒன்றுதான்.

பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உடனே நாம், “சின்னக் காயந்தானே, நாளைக்கே பெரட்டுக்குப் போயிடலாம்” என்கிறோம். அங்கேதான் தவறு. இமையில் ரத்தக் குழாய்கள் அதிகம். குனிந்தாலும், பால் வாளி தூக்கினாலும், முக்கினாலும் நின்ற ரத்தம் மறுபடி கசியும்.

முதல் 2 நாள், சுத்தமான துணியில் ஐஸ் சுற்றி 10 நிமிடம் மெதுவாக ஒற்றுங்கள், அழுத்தாதீர்கள். இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுங்கள். 2, 3-ஆம் நாளில் வீக்கமும் நீலமும் கூடித் தெரியும். பயப்படாதீங்க, ஓரிரு வாரத்தில் வடிந்துவிடும். தையல் பொதுவாக 5 முதல் 7 நாளில் பிரிக்கப்படும்.

டாக்டர் கொடுத்த களிம்பைத் தவறாமல் போடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதுவும் கண்ணில் விடவே கூடாது. கண்ணைக் கசக்கக் கூடாது. வலிக்கு ஆஸ்பிரின் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அது ரத்தக் கசிவைக் கூட்டும். இருதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. புகைத்தால் புண் ஆறத் தாமதமாகும்.

சுமார் 2 வாரம் குலை அறுப்பது, மூட்டை தூக்குவது, மருந்து தெளிப்பது வேண்டாம். வெயிலில் போனால் கறுப்புக் கண்ணாடி போடுங்கள்.

கண் பிதுங்கி, வலி தாங்க முடியாமல் போனாலோ, பார்வை மங்கினாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கினால் சில மணி நேரத்தில் பார்வையே போய்விடலாம். ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு இருந்தாலும் அன்றே காட்டுங்கள்.

“சம்பளம் போயிடுமே” என்ற கவலை நியாயமானதே. தீபகற்ப மலேசியாவில், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. டாக்டரிடம் எம்.சி. வாங்கி, 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள். சிக்கல் வந்தால் கிளைச் செயலாளரைப் பாருங்கள்.

இழந்த பேரை அடுத்த மாதம் பிடிக்கலாம். இழந்த கண்ணைப் பிடிக்க முடியாது, தோழர்களே!