டிராஃப்ட்: கால்பந்து அணிகள் ஆள் எடுக்கும் கணக்கு

ஒரு தொடரில் ஆட வரும் வீரர்களை அணிகளுக்குப் பங்கிடும் முறைகளில் ஒன்று டிராஃப்ட். வீரர்கள் எல்லோரும் ஒரே பட்டியலில் இருப்பார்கள். அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். ஒரு சுற்றில் ஓர் அணிக்குப் பொதுவாக ஒரு முறைதான். மற்ற அணிகளும் எடுத்து முடித்த பிறகே அதற்கு அடுத்த வாய்ப்பு வரும்.

ஏலம் வேறு வகை. அங்கே ஒருவரை இரண்டு அணிகள் விரும்பினால் விலை ஏறும். இந்தியக் கால்பந்துத் தொடரான இந்தியன் சூப்பர் லீக் 2015 ஜூலையில் பத்து வீரர்களை மும்பையில் ஏலம் விட்டபோது சுனில் சேத்ரியை மும்பை சிட்டி அணி 1.20 கோடி ரூபாய்க்கு எடுத்தது. சென்னையின் எஃப்சி, தோய் சிங்குக்கு 86 லட்சமும் கோல்கீப்பர் கரண்ஜித் சிங்குக்கு 60 லட்சமும் கொடுத்தது. டிராஃப்டில் இந்தப் போட்டி கிடையாது. இந்தியன் சூப்பர் லீக் டிராஃப்டில் ஒவ்வொரு வீரரின் சம்பளமும் முன்பே குறிக்கப்பட்டிருந்தது. அங்கே அணி செலவழிப்பது பணத்தோடு தன் முறையையும்தான். ஒருவரை எடுத்தால், அதே முறையில் எடுத்திருக்கக்கூடிய மற்றவரை இழக்க வேண்டும். அடுத்த முறை வரும்வரை அவர் பட்டியலில் மிஞ்சியிருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

இந்த முறை அமெரிக்கக் கால்பந்தில் பிறந்தது. அங்கே கால்பந்து என்றால் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். 1936 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா நகர ஹோட்டல் ஒன்றில் அங்குள்ள தொழில்முறை லீக்கின் ஒன்பது அணிகள் கூடி முதல் டிராஃப்டை நடத்தின. முந்தைய ஆண்டு கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் முறை என்பது விதி. பணக்கார அணிகளே நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டு போவதைத் தடுப்பது நோக்கம். யோசனையைக் கொண்டுவந்த பெர்ட் பெல், கடைசி இடத்தில் இருந்த ஃபிலடெல்ஃபியா அணியின் உரிமையாளர். அவருடைய அணி முதலாவதாக எடுத்த ஜே பெர்வாங்கர், அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

முறை வரும்போது அணியின் முன் இரண்டு கேள்விகள் நிற்கும். பட்டியலில் மிஞ்சியிருப்பவர்களில் மிகத் திறமையானவர் யார்? அணியில் காலியாக இருக்கும் இடம் எது? இரண்டுக்கும் விடை ஒரே வீரராக இருந்தால் சிக்கல் இல்லை. பெரும்பாலும் அப்படி அமைவதில்லை.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு ஷிஃப்ட் பஸ் ஏறுபவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. ஒரு பட்டறையில் நல்ல டர்னர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள், வெல்டர் ஒருவரும் இல்லை. வேலை கேட்டு அருமையான டர்னர் ஒருவரும் சுமாரான வெல்டர் ஒருவரும் வந்து நிற்கிறார்கள். வெல்டரை எடுத்தால் இன்றைய வேலை ஓடும். டர்னரை விட்டால் அவர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார். எதை எடுப்பது என்பது இன்னொரு செய்தியைப் பொறுத்தது: அடுத்த வாரம் நல்ல வெல்டர் யாராவது கிடைப்பாரா?

விளையாட்டு வரலாற்றில் இரு பக்கத்துக்கும் சான்றுகள் உண்டு. 1984இல் அமெரிக்கக் கூடைப்பந்து டிராஃப்டில் போர்ட்லேண்ட் அணிக்கு இரண்டாவது முறை கிடைத்தது. மைக்கேல் ஜோர்டன் அப்போது பட்டியலில் இருந்தார். ஆனால் அவர் ஆடும் இடத்துக்கு அணியில் ஏற்கெனவே கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார். உயரமான மைய வீரர்தான் தேவைப்பட்டார். அணி சாம் போவியை எடுத்தது. அவர் கால் எலும்பு முறிவுகளால் பல காலம் ஆட முடியாமல் இருந்தார். மூன்றாவதாக சிகாகோ எடுத்த ஜோர்டன் அந்த அணிக்கு ஆறு கோப்பைகளை வென்று தந்தார்.

2005இல் அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே எதிர்வழியில் போனது. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் பிரெட் ஃபாவ்ர் என்ற பெரும் வீரர் இருக்கும்போதே, அதே இடத்துக்கு ஆரன் ராட்ஜர்ஸை 24ஆவது முறையில் எடுத்தது. அவர் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 2011 பிப்ரவரியில் அதே அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தார்.

இவ்விரண்டையும் வைத்து, திறமையை எடுத்தால் வெற்றி, தேவையை எடுத்தால் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. அணிக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். கிரீன் பே அணியால் மூன்று ஆண்டுகள் காத்திருக்க முடிந்தது. இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் தொடர் 2014 அக்டோபர் 12இல் தொடங்கி டிசம்பர் 20இல் முடிந்தது. பத்து வாரத்தில் முடியும் தொடரில் ஒரு வீரரை வளர்த்தெடுக்க நேரமில்லை. அங்கே காலி இடத்தை நிரப்புவதுதான் முதல் வேலை.

எந்த இடம் காலி என்பதை லீக்கின் விதியும் தீர்மானிக்கும். 2017-18 தொடரில் இந்தியன் சூப்பர் லீக்கில் ஒரு நேரத்தில் ஐந்து வெளிநாட்டவர்தான் களத்தில் இருக்கலாம் என்று விதி மாறியது. குறைந்தது ஆறு பேர் இந்தியர். அணிகள் வழக்கமாக வெளிநாட்டவரைக் களத்தின் நடு அச்சில் வைக்கும்: கோல் அடிப்பவர், நடுகள ஆட்டத்தை நடத்துபவர், நடுப் பின்கள வீரர். மிஞ்சுவது கோல்கீப்பரும் இரண்டு ஓரங்களும். இந்திய வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் அதனால் இந்த இடங்களுக்குத் தனி மதிப்பு இருந்தது.

2017 ஜூலை 23 அன்று மும்பையில் நடந்த டிராஃப்டின் விலைப்பட்டியலிலேயே இது ஓரளவு தெரிகிறது. உச்ச விலையான 1.10 கோடி ரூபாய் நடு இடங்களில் ஆடும் இருவருக்குத்தான். அவர்களில் ஒருவர் ஜாம்ஷெட்பூர் எடுத்த நடுப் பின்கள வீரர் அனஸ் எடதொடிகா. மற்றவர் கொல்கத்தாவின் ஏடிகே எடுத்த நடுகள வீரர் யூஜின்சன் லிங்டோ. ஆனால் கோல்கீப்பர் சுப்ரதா பாலுக்கு 87 லட்சம். வலது ஓரப் பின்களத்தில் ஆடும் பிரீதம் கோட்டலுக்கு 75 லட்சம், ரினோ ஆன்டோவுக்கு 63 லட்சம். சாதாரணமாகக் கோல் அடிப்பவரின் பெயரே சுவரொட்டியில் வரும். இங்கே தடுப்பவர்களுக்கு அதற்குச் சளைக்காத விலை. நல்ல இந்தியத் தடுப்பாளர்கள் சிலரே இருந்தார்கள். பத்து அணிகளுக்கும் அவர்கள் வேண்டியிருந்தது.

டிராஃப்டுக்கு முன் ஒவ்வோர் அணியும் தனக்கென்று ஒரு பட்டியல் தயாரிக்கும். ஆட்டங்களை நேரிலும் காணொளியிலும் பார்த்தவர்கள் வீரர்களுக்கு மதிப்பெண் இடுவார்கள். அந்த மதிப்பெண்ணை வைத்து ஒன்று முதல் இருநூறு வரை நேர்கோட்டில் அடுக்கினால் பயன் குறைவு. அனுபவம் உள்ளவர்கள் வீரர்களைத் தட்டுகளாகப் பிரிப்பார்கள். முதல் தட்டில் ஐந்து பேர், அடுத்த தட்டில் பன்னிரண்டு பேர் என்று. ஒரே தட்டில் இருப்பவர்கள் ஏறத்தாழச் சமம். அவர்களுக்குள் யாரை எடுப்பது என்று வரும்போது அணியின் தேவையைப் பார்ப்பார்கள். தேவை இருக்கிறதே என்று ஒரு தட்டு கீழே இறங்குவதை முடிந்தவரை தவிர்ப்பார்கள்.

மதிப்பெண்ணை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு ஆய்வும் உண்டு. ஆய்வாளர்கள் கேட் மேசியும் ரிச்சர்ட் தேலரும் அமெரிக்கக் கால்பந்து டிராஃப்டை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே இடத்தில் ஆடும் இருவர் அடுத்தடுத்து எடுக்கப்பட்டால், முன்னால் எடுக்கப்பட்டவர் மேலானவராக அமையும் வாய்ப்பு 100க்கு 52 மட்டுமே என்று கண்டார்கள். நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். 84 மதிப்பெண்ணுக்கும் 82 மதிப்பெண்ணுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில் பொருளில்லை.

அடுத்தது பற்றாக்குறைக் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு. ஓர் அணிக்கு ஒரு விங்கரும் (ஓரத்தில் தாக்கி ஆடுபவர்) ஓர் இடது ஓரப் பின்கள வீரரும் வேண்டும். பட்டியலில் மிஞ்சியிருக்கும் விங்கர்களில் சிறந்தவருக்கு 84 மதிப்பெண். இடது ஓரத்தில் சிறந்தவருக்கு 78. திறமையை மட்டும் பார்த்தால் விங்கர்தான். ஆனால் பத்து அணிகள் ஒரே வரிசையில் சுற்றி வரும்போது, அடுத்த முறைக்குள் ஒன்பது பேர் போய்விடுவார்கள். விங்கர்கள் நிறைய இருப்பதால் அப்போதும் 81 மதிப்பெண்காரர் ஒருவர் கிடைப்பார் என்று அணி கணிக்கிறது. இடது ஓரத்தில் அடுத்து இருப்பவருக்கு 65தான். விங்கரை முதலில் எடுத்து, 78 மதிப்பெண்காரர் அதற்குள் போய்விட்டால், இருவருக்கும் சேர்த்து 149. இடது ஓரத்தை முதலில் எடுத்தால் 159. இங்கே பற்றாக்குறையைப் பார்த்து எடுத்ததால் மொத்தத் திறமை கூடியது. ஒருவரின் மதிப்பு அவருடைய மதிப்பெண்ணில் மட்டும் இல்லை. அவர் போனால் அவருக்குப் பதில் யார் கிடைப்பார் என்பதிலும் இருக்கிறது.

சென்னையின் எஃப்சி 2017-18 தொடருக்குக் கட்டிய அணியில் இந்த வகைக் கணக்கு முழு வடிவில் தெரிகிறது. டிராஃப்டுக்கு முன்பே அது கோல்கீப்பர் கரண்ஜித் சிங்கையும் முன்கள வீரர் ஜேஜே லால்பெக்லுவாவையும் தக்கவைத்துக்கொண்டது. 21 வயதுக்குட்பட்டோரில் இடது ஓரப் பின்கள வீரர் ஜெர்ரி லால்ரின்சுவாலாவும் நடுகள வீரர் அனிருத் தாப்பாவும் தங்கினார்கள். கிடைப்பதற்கு அரிய இந்தியக் கோல்கீப்பர், இடது ஓரம், கோல் அடிப்பவர் ஆகிய மூன்றும் கையில் இருந்தன. முன்களத்தில் இந்தியர் ஒருவர் நின்றதால், அங்கே போயிருக்க வேண்டிய வெளிநாட்டு இடம் மிச்சமானது. நடுப் பின்களத்தில் மைல்சன் ஆல்வெஸ், ஹென்ரிக் செரெனோ என்று இரண்டு வெளிநாட்டவரை நிறுத்த முடிந்தது. அவர்களுக்கு முன்னால் எதிரணியின் தாக்குதலை அறுக்கும் வேலை வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷுக்கு. கோவா அணிக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் சென்னை 3-0 என்று வென்றபோது ஜேஜே இரண்டு கோல் அடித்தார், கணேஷ் ஒன்று.

இறுதி ஆட்டம் 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்தது. எதிரணியான பெங்களூரு எஃப்சிக்கு ஆடிய சேத்ரி ஒன்பதாவது நிமிடத்தில் முன்னிலை தந்தார். பிறகு இரண்டு கார்னர்களில் கிரெகரி நெல்சன் தூக்கி அனுப்பிய பந்தை மைல்சன் தலையால் முட்டிக் கோலாக்கினார். மூன்றாவதை ரஃபேல் அகஸ்டோ அடித்தார். 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. ஜேஜே இருந்ததால் பின்களத்துக்குக் கிடைத்த வெளிநாட்டு இடம், எதிரணியின் கோல் முனையில் இரண்டு கோல்களாகத் திரும்பியது.

2017க்குப் பிறகு இந்தியன் சூப்பர் லீக் டிராஃப்ட் நடத்தவில்லை. அணிகள் வீரர்களோடு நேரடியாக ஒப்பந்தம் போடுகின்றன. முறைக்காகக் காத்திருக்கும் கட்டாயம் போய்விட்டது; சம்பள வரம்பும் வெளிநாட்டவர் எண்ணிக்கையும் விதிகளாகத் தொடர்ந்தன. ஓர் இடத்துக்கு ஒருவரை ஒப்பந்தம் செய்யும்போது, அந்தப் பணத்துக்கு வேறு இடத்தில் யார் கிடைப்பார், இவரை விட்டால் இதே இடத்துக்கு அடுத்தவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் அணிகள் இன்னமும் கேட்டாக வேண்டியிருக்கிறது.