ஐப்பசியில் கொல்லைக்கு வரும் விருந்தாளிகள்

சம்பா நடவு முடிஞ்சு, களையும் எடுத்தாச்சு. வயலில் தண்ணி நிற்குது. ஐப்பசி அடைமழையில் விவசாயிக்கு வேறென்ன வேலை? கொல்லைத் திண்ணையில் காபி டம்ளரோடு உட்கார வேண்டியதுதான். ஐப்பசியில் தொடங்கி மார்கழிப் பனி வரைக்கும் எங்க கொல்லையில் நடக்கிற கூத்தைப் பார்க்க டிக்கெட் கிடையாது.

எங்க ஊரிலிருந்து வடுவூர் ஏரி பக்கம். வெளிநாட்டுப் பறவை பார்க்க அங்கே கார் போட்டு வருகிறார்கள். 2022ல் அந்த ஏரி ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் தூரதேசப் பறவை எல்லாமே ஏரிக்குத்தான் போகும் என்று நினைக்காதீர்கள். புரட்டாசியிலேயே எங்க வேலிக் கிளுவையில் பழுப்புக் கீச்சான் வந்து உட்கார்ந்துவிடும். சைபீரியா, மங்கோலியா பக்கம் குஞ்சு பொரிக்கிற பறவை அது. வந்த நாளிலிருந்து வறட்டுக் குரலில் கத்தி, 'இந்த வேலி என்னுது' என்று ஊருக்கே சொல்லும். பிடிக்கிற வெட்டுக்கிளியைச் சில சமயம் முள்ளில் குத்தி வைத்துப் பிய்த்துத் தின்னும். போன வருஷம் இருந்த அதே வேலிக்கு இந்த வருஷமும் வரக்கூடிய பறவை என்பதால் வேலியை வெட்டும்போது யோசித்து வெட்டுகிறேன்.

அடுத்தது ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, கண் வழியே கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, குட்டை வால். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு நம்ம பக்கமும் இலங்கைக்கும் வரும். காலையிலும் சாயங்காலமும் ஆறு மணி வாக்கில் சீட்டி அடிக்கிறதால் இந்தப் பேர். ராத்திரியில் பறந்து வருவதால் சில சமயம் களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே வந்து விழும். அப்படி விழுந்தால் வாயில் தண்ணி ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, தெளிந்ததும் கொல்லையில் விட்டால் போதும்.

இந்தக் குருவி தரையில்தான் இரை தேடும். சருகைப் புரட்டி, அடியில் இருக்கிற புழு, பூச்சி, மண்புழுவைப் பொறுக்கும். முன்பெல்லாம் தீபாவளிக்கு முன்னால் மா, பலா அடியை வழித்துப் பெருக்கிக் கொளுத்திவிடுவோம். கொல்லை கூடம் மாதிரி சுத்தமாக இருக்கும், குருவிதான் இருக்காது. இப்போது சருகை அங்கேயே மக்க விடுகிறோம். மரத்துக்கு மூடாக்கு, மண்புழுவுக்குத் தீனி, குருவிக்குச் சாப்பாடு. பாம்பு பயத்துக்கு நடைபாதையை மட்டும் பெருக்கி வைக்கிறோம்.

கோழிக்கு இது கஷ்டமான பருவம். ஆனி மாதத்தைவிட மார்கழியில் பகல் சுமார் ஒரு மணி நேரம் குறைவு. பகல் குறைய ஆரம்பித்ததும் பல கோழிகள் இறகு உதிர்த்துப் புதுசு கட்டும், அப்போது முட்டை குறையும், நின்றும் போகும். 'முட்டை நின்னுபோச்சு' என்று சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீங்க. இறகே புரதம்தான். கருவாட்டுத் தூள், அசோலா கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் சீக்கிரம் தேறிவிடும். கூண்டு தரையிலிருந்து ரெண்டடி உயரத்தில் இருக்கட்டும். உமி நனைந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், ஈரத்தில்தான் ரத்தக்கழிச்சல் பரவும். ஐப்பசி கார்த்திகையில் நான் அடை வைப்பதில்லை, மழையில் குஞ்சு தங்காது. தை பிறக்கட்டும். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடுகிற சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள். இயற்கை விவசாயி தடுப்பூசி போடலாமா என்று கேட்கிறவர்களிடம், நோய் வந்தபின் கொட்டுகிற மருந்தைவிட அது மேல் என்றுதான் சொல்கிறேன். தீனியும் தண்ணியும் கூரைக்குள் இருக்கணும், வெளிப்பறவை எச்சம் அதில் விழக்கூடாது.

இனி சொல்லப்போவது சொல்லக் கூசுகிற விஷயம்.

நான் இயற்கைக்கு மாறிய மூணாவது வருஷம். மாப்பிள்ளைச் சம்பா பொதி கட்டுகிற நேரத்தில் எலி தூர் தூராக வெட்டிப் போட்டது. காலையில் வரப்பில் நின்றால் வயிறு எரியும். ஒருநாள் கடைக்குப் போய் கேக் மாதிரி இருக்கிற எலி மருந்தை வாங்கி, யாருக்கும் தெரியாமல் வளை ஓரம் வைத்தேன். பயிருக்கா அடிக்கிறோம், எலிக்குத்தானே என்று எனக்கு நானே சமாதானம்.

அது புரோமடையலோன் என்கிற மருந்து. எலியை உடனே கொல்லாது. ரத்தம் உறைகிற சக்தியைக் கெடுத்து, உள்ளுக்குள்ளேயே கசிய வைத்துக் கொல்லும். தின்ற எலி சில நாள் தள்ளாடித் திரியும். நாய்க்கும் கூகைக்கும் சுலபமாக அகப்படுவது அந்த எலிதான். எலி ஈரலில் தங்கிய மருந்து அதைத் தின்ற வயிற்றுக்கும் போகும்.

எங்க நாய் மணிக்கு ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தது. கால்நடை டாக்டர், 'எலி மருந்து ஏதும் வெச்சீங்களா?' என்று கேட்டார். கூட நாலு பேர் நின்றார்கள், எல்லாரும் நம்ம இயக்கத்துக்காரர்கள். 'இல்லீங்க' என்றேன். மறுநாள் தனியாகப் போய் உண்மையைச் சொன்னபோது, 'நேத்தே சொல்லியிருந்தா வைட்டமின் கே போட்டிருப்பேனே' என்றார். ஊசி போட்டார். அன்று ராத்திரியே மணி செத்துப்போனது. உங்க வீட்டில் இப்படி நடந்தால் வெட்கத்தைப் பார்க்காமல் முதல் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது, வாரக்கணக்கில் கொடுக்கணும், ஆனால் நேரத்தோடு ஆரம்பிக்கணும்.

பழைய பம்ப்செட் கொட்டகைப் பரணில் ஒரு ஜோடி கூகை இருந்தது. அந்தக் கார்த்திகையோடு சத்தம் நின்றுவிட்டது. மருந்துதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் தஞ்சாவூர் கிட்டி வைக்கிறவரைத் தேடிப் பிடித்தேன். மூங்கிலில் செய்த பொறி. சாயங்காலம் வைத்து விடியுமுன் எடுத்துவிடணும். இல்லையென்றால் கானாங்கோழியும் நம்ம கோழியும் மாட்டிக்கொள்ளும். நடவு முடிந்ததும் ஏக்கருக்கு இருபது பறவைத் தாங்கி நடுகிறேன். 'டி' எழுத்து வடிவில் குச்சி, பயிருக்கு மேலே மூணடி உயரம். பகலில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும், ராத்திரி ஆந்தை இனங்கள். கதிர் முற்றினால் சில்லைகள் வந்து உட்கார்ந்து மணியைக் கொத்தும் என்பதால் வரப்போரம் நாலைந்தை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிவிடுவேன். எலி சுத்தமாக ஒழியவில்லை. தாங்குகிற அளவுக்குக் குறைந்திருக்கிறது.

கூகை திரும்பி வர மூணு வருஷம் ஆனது. போன மார்கழியில் கொட்டகையிலிருந்து அந்தக் கரகரப்புச் சத்தம் கேட்டதும் அம்மா, 'சாக்குருவி கத்துது, ஆகாதுடா, வெரட்டி விடு' என்றார்கள். மறுநாள் கொட்டகைத் தரையில் கட்டை விரல் பருமனில் கறுப்பாக ஒரு உருண்டை கிடந்தது. கூகை செரிக்காத எலும்பையும் முடியையும் அப்படித்தான் கக்கிப்போடும். கொண்டுவந்து தண்ணியில் ஊறவைத்து அம்மா எதிரிலேயே பிரித்தேன். மூணு எலி மண்டையோடு. புது நாய்க்குட்டி மோந்து பார்க்க வந்ததை விரட்டிவிட்டு அம்மா குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினார்கள்.

'சரி, கத்துனா கத்திட்டுப் போவுது' என்று கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார்கள்.