ஈனியின் பருமனும் வினையூக்கமும்

உலோக அணுவுக்கு எலக்ட்ரான் இணையை ஈயும் மூலக்கூற்றை ‘ஈனி’ என வழங்குகிறோம். இச்சொல் கொடையைச் சுட்டுமேயன்றிப் பருமனைச் சுட்டாது. பாஸ்பீன் ஈனிகளிலோ பருமனும் வினையை நடத்துகின்றது. டோல்மன் 1977இல் தொகுத்த கூம்புக்கோண அளவின்படி டிரைமெத்தில்பாஸ்பீன் 118 பாகை. டிரை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்பீன் 182 பாகை.

செட்டிகுளத்து வெங்காய வயலை நோக்குவோம்: நெருங்க நட்டவை பருப்பதில்லை, பருத்தவை நெருங்கி நிற்பதில்லை. அங்ஙனமே பருத்த ஈனிகள் பல்லேடியத்தைச் சூழ இரண்டே அமைகின்றன. ஒன்று நீங்கின் வினைப்படுபொருள் அணுக இடம் உண்டாகும். முடிவில் எஞ்சிய ஈனியின் நெருக்கமே விளைபொருள் பிரியத் துணைசெய்யும். இவ்வீனியின் துணையால் 1998இல், எளிதில் இணங்காத அரைல் குளோரைடுகளும் சுசுகி இணைப்புக்கு இணங்கின.

ஆகலின், பெயர்ப்பொருளொன்றையே பற்றும் மாணவர் வினையின் ஒரு பாதியையே அறிவர். ‘பருவீனி’ என அடைகொடுத்து வழங்குதல் தகும் என்பது எம் துணிபு.