எலும்பு மருந்தும் பல் வைத்தியமும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் முதிய தாய்மார் பல்வலியைப் பெரிதாக எண்ணுவதில்லை. கராம்பை நசுக்கி வைப்பதும், உப்புநீரால் கொப்பளிப்பதும், பொறுக்க முடியாதவிடத்துப் பல்லைப் பிடுங்குவித்துக்கொள்வதுமே வழக்கம். எலும்பு மெலிவு நோய்க்கு மருந்து பெறுவோர் மட்டும், பிடுங்குவிக்குமுன் அம்மருந்தைப்பற்றிப் பல் வைத்தியரிடம் சொல்லியாக வேண்டும்.

காரணம் யாது? எலும்பு உயிருள்ள பொருள். பழையதை அரித்து அகற்றும் உயிரணுக்களும் புதியதைக் கட்டும் உயிரணுக்களும் அதில் ஓயாது தொழிற்படுகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களில் அரிப்பு மிகுந்து, கட்டுமானம் பின்தங்குகிறது. கிணற்றடியில் சற்றே வழுக்கி விழுந்தாலும் இடுப்பெலும்பு முறிகிறது. வாரமொருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேற் குளிசை, ஆண்டுக்கொருமுறை நாளத்தில் ஏற்றும் சொலெட்ரோனிக் அமிலம், ஆறு மாதத்துக்கொருமுறை இடும் டெனோசுமாப் ஊசி ஆகியவை அவ்வரிப்பைத் தடுக்கின்றன. ஆனால், பல் பிடுங்கிய குழி செவ்வனே ஆறுவதற்கும் அரிப்பும் கட்டுமானமும் வேண்டும். அவை தடைப்பட்டால், அரிதாகச் சிலருக்குத் தாடையெலும்பின் ஒரு பகுதி உயிரிழந்து, ஈறு மூடாமல் வெளியே தெரியும்.

2003ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் றொபேட் மார்க்ஸ் இத்தகைய நோயாளரைப்பற்றி எழுதியபோது, மருத்துவ உலகிற்குப் பழைய துன்பமொன்று நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சித் தொழிற்சாலைகளில் வெண்பொசுபரசு ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் தாடைகள் அழுகின. 1906ஆம் ஆண்டின் பேர்ண் உடன்படிக்கை தீக்குச்சித் தொழிலில் அப்பொருளை விலக்கிற்று. எனினும், இன்றைய மருந்தை அந்நஞ்சோடு ஒப்பிட்டு அஞ்ச வேண்டியதில்லை. எலும்பு மெலிவுக்காக மருந்து பெறும் பதினாயிரம் பேரில் ஒரு சிலருக்கே இத்தீங்கு நேர்கிறது. புற்றுநோய்க்காக உயர்ந்த அளவில் பெறுவோர்க்கே ஆபத்துப் பன்மடங்கு.

அச்சத்தால் மருந்தைத் தாமாகவே நிறுத்துவதுதான் பெரும்பிழை. அலென்ட்ரோனேற் எலும்பில் ஆண்டுக்கணக்காகத் தங்குவது. சில நாள் விட்டுப் பயனில்லை. டெனோசுமாப் ஊசி தவணை தப்பினாலோ எலும்பு விரைந்து மெலிந்து, முதுகெலும்புகள் முறியக்கூடும். ஊசியின் தவணை பார்த்துப் பல் பிடுங்கும் நாளைக் குறிப்பது வைத்தியர்கள் கலந்து செய்ய வேண்டிய வேலை.

பல்லைச் சுத்தஞ் செய்வதற்கும் சொத்தையை அடைப்பதற்கும் இம்மருந்துகள் தடையல்ல. வேர்ச்சிகிச்சையால் காக்கக்கூடிய பல்லைக் காப்பதே நன்று. மருந்து தொடங்குமுன்பே கெட்ட பற்களுக்குப் பரிகாரம் தேடிக்கொள்வது அதனினும் நன்று. ஈற்றை உரசும் பொய்ப்பற்கட்டைத் திருத்துவிக்க வேண்டும். புகைத்தலும் கட்டுப்படாத நீரிழிவும் புண் ஆறுவதைக் கெடுப்பன. வெற்றிலையோடு புகையிலையை மெல்லும் வழக்கத்தையும் விட்டொழித்தல் வேண்டும். வாய்ப்புற்றுக்கும் அதுவே வாயில்.

ஆண்டுக்கொருமுறை ஏற்றும் மருந்தை, “என்ன குளிசை குடிக்கிறீர்கள்?” என்ற கேள்விக்கு விடையாக எவரும் சொல்வதில்லை. தனியார் மருத்துவமனையில் பெற்ற ஊசி கிளினிக் கொப்பியில் இராமலும் போகலாம். ஆகவே மருந்தின் பெயரையும் கடைசியாகப் பெற்ற நாளையும் ஒரு தாளில் எழுதி, பல் வைத்தியரிடம் கொடுப்பது நலம்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின், அக்கரையார் நகரத்து வைத்தியசாலைக்கு வரப் படகுப்பாதைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பல் பிடுங்கிய இடம் ஆறாதிருந்தாலோ, நாக்கில் எலும்பு கரடுமுரடாகத் தட்டுப்பட்டாலோ, சீழ் வடிந்தாலோ, கீழுதடு மரத்தாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை பொறுத்திராமல் உடனே பல் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.