கடல் தாண்டி வந்த காரம்: சீனக் கொல்லைகளில் மிளகாய் வேரூன்றிய கதை

நம்ம ஊர் துரித உணவுக் கடைகளில் ‘செஸ்வான் ஃபிரைடு ரைஸ்’ என்று பலகை மாட்டியிருப்பார்கள். செஸ்வான் என்பது சீனாவின் தென்மேற்கில் இருக்கும் சிச்சுவான் மாகாணத்தின் பெயர்தான். மிளகாய் இல்லாத சமையலை அங்கே நினைத்துப் பார்க்க முடியாது. ஹூனான், குய்சோ மாகாணங்கள் அதற்கும் ஒரு படி மேலே. சீனர்கள் வேடிக்கையாக ஒன்று சொல்லுவாங்க: சிச்சுவான்காரருக்குக் காரம் என்றால் பயமில்லை, ஹூனான்காரர் எவ்வளவு காரமானாலும் பயப்பட மாட்டார், குய்சோகாரருக்கோ, காரம் போதாமல் போய்விடுமோ என்றுதான் பயம்!

இவ்வளவு ஊறிப்போன மிளகாய், 500 வருடத்துக்கு முன் சீனாவில் ஒரு செடிகூட இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492-ல் கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் ஐரோப்பியர் கப்பல்கள் வழியாக ஆசியாவுக்கு வந்தது. நம்ம நாட்டுக்குப் போர்த்துகீசியர் கொண்டுவந்ததும் அதே 16-ஆம் நூற்றாண்டில்தான்.

‘வெளிநாட்டுப் பயிரை நாட்டு ரகம் என்று எப்படிச் சொல்லலாம்?’ என்று இயற்கை விவசாயக் கூட்டங்களில் கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்குச் சீன மிளகாயின் கதையில் நல்ல விடை இருக்கிறது.

பழைய பெயரில் புதிய காய்

மிளகாய் வருவதற்கு முன்பும் சிச்சுவான் சமையலில் காரம் இருந்தது. இஞ்சி இருந்தது. நாக்கை மரத்துப்போக வைக்கும் ‘ஹுவாஜியாவ்’ இருந்தது. இது எலுமிச்சைக் குடும்பத்து மரம் ஒன்றின் காய்த்தோல். இன்று சிச்சுவான் மிளகு என்கிறார்கள்.

1591-ல் ஹாங்சோ நகரத்து எழுத்தாளர் காவ் லியான் தம் நூலில் மிளகாயைக் குறிப்பிடுகிறார். சீனாவில் கிடைத்திருக்கும் முதல் குறிப்பு அதுதான். வெள்ளைப் பூ, சிவந்த காய், காரமான சுவை, பார்க்க அழகு என்று எழுதுகிறார். சமையல் பற்றிப் பேச்சே இல்லை. அழகுச் செடிகளின் வரிசையில்தான் அதை வைக்கிறார். அதற்கு அவர் சொல்லும் பெயர் ‘ஃபான்ஜியாவ்’, அதாவது அந்நிய மிளகு. சிச்சுவானில் ‘ஹாய்ஜியாவ்’, கடல் மிளகு என்றார்கள். இன்று பொதுவாக வழங்குவது ‘லாஜியாவ்’, கார மிளகு. எல்லாப் பெயரிலும் பழைய மிளகின் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாமும் மிளகு போலக் காரமான காய்க்கு ‘மிளகாய்’ என்றுதானே பெயர் வைத்தோம்!

கணக்கில் வராத பயிர்

வங்கியில் பேரேடு பார்த்தே தலை நரைத்தவன் நான். ஒரு பொருள் கணக்கில் இல்லையென்றால், அது எப்படிக் கைமாறியது என்று பார்ப்பது பழக்கம். நல்லமிளகு வெகுதூரம் கப்பலில் வந்து விலைக்கு விற்ற சரக்கு. நெல்லுக்கு அரசாங்கம் வரி வாங்கியது. மிளகாய்க்கு இந்த இரண்டும் பெரிதாக இல்லை. வீட்டுக் கொல்லையில் நாலு செடி இருந்தால் குடும்பத்துக்குப் போதும். அடுத்த பட்டத்துக்கு விதை அந்தப் பழத்துக்குள்ளேயே இருக்கிறது. கடைக்கும் போக வேண்டாம், கடனும் வாங்க வேண்டாம். 1671-ல் செச்சியாங் மாகாணத்து வட்டார நூல் ஒன்று, மிளகுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய காரம், கொல்லையில் சும்மா கிடைக்க ஆரம்பித்துவிட்டது.

உப்பில்லாத மலைநாடு

மிளகாய் உயிர்நாடியாக மாறியது குய்சோவில். முழுக்க மலை, கடலும் கிடையாது, உப்புக் கிணறும் கிடையாது. பக்கத்துச் சிச்சுவானிலிருந்து மலைப்பாதையில் சுமந்து வர வேண்டும். உப்பு வியாபாரமோ அரசின் பிடியில். ஏழைக்கு உப்பு எட்டாக்கனி. 1720-களில் எழுதப்பட்ட அந்தப் பகுதி வட்டார நூல், மலைவாழ் மியாவ் மக்கள் உப்புக்குப் பதிலாக மிளகாயைப் பயன்படுத்துவதைச் சொல்கிறது.

மிளகாய் உப்பாகிவிடாது. ஆனால் சப்பென்ற மக்காச்சோளக் களியையும் கிழங்கையும் உள்ளே தள்ள, நாக்குக்கு ஒரு பிடிப்பு வேண்டுமே! காரமும், புளிக்கவைத்த காய்கறியின் புளிப்பும் அதைக் கொடுத்தன.

சிச்சுவானில் 17-ஆம் நூற்றாண்டுப் போர்களில் ஊர் ஊராக மக்கள் அழிந்தார்கள். பிறகு ஹூனான், ஹூபே பக்கத்திலிருந்து குடியேறியவர்கள்தான் நிலத்தைத் திருத்தினார்கள். அங்கே மிளகாய் பற்றிய பழைய பதிவு 1749-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

பெரிய வீட்டு அடுப்படியில் மட்டும் அது சுலபமாக நுழையவில்லை. 1792-ல் யுவான் மெய் வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலில் மிளகாய்க்கு இடமில்லை. வந்து 200 வருடம் ஆகியும் அது ஏழை வீட்டுச் சரக்குதான்! மருத்துவர்கள் முந்திக்கொண்டார்கள். 1596-ல் வெளியான லி ஷிசென்னின் மூலிகைப் பெருநூலில் மிளகாய் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் சாவ் சூமின் அதற்கு எழுதிய பின்னிணைப்பு நூலில் வந்துவிட்டது. உடம்பில் சேரும் ஈரத்தையும் குளிரையும் காரம் விரட்டும் என்பது அவர்கள் வைத்தியம். சிச்சுவானோ மூடுபனியும் ஈரக்காற்றும் நிறைந்த பள்ளத்தாக்கு.

செங்டூ நகரையொட்டிய பீசியானில் செய்யும் மிளகாய் விழுதைப் பாருங்கள். அவரை இனத்துப் பயறு ஒன்றைப் பூஞ்சணம் பிடிக்கவைத்து, உப்பில் ஊறிய மிளகாயோடு சேர்த்து மண் ஜாடியில் போடுவார்கள். வெயிலில் திறந்து கிளறுவார்கள். மழை வந்தால் மூடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேலும் ஊறும். அமெரிக்கக் காய்க்குச் சீனக் கைப்பக்குவம் கொடுத்த மறுபிறவி இது.

எது நாட்டு விதை?

சீன மிளகாயை எந்த அரசனும் பரப்பவில்லை, எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. உழவர்கள் நல்ல பழத்தைப் பார்த்து எடுத்தார்கள், விதைத்தார்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தார்கள். மேல்நோக்கிக் காய்ப்பது, நீண்டு தொங்குவது, எண்ணெய்க்கு வாசனை தருவது என்று தங்கள் மண்ணுக்கும் நாக்குக்கும் ஏற்ற ரகங்களை அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள். எங்கிருந்து வந்தது என்பதைவிட, விதை யார் கையில் இருந்தது என்பதே அதை நாட்டுப் பயிராக்கியது. நம்ம சம்பா மிளகாயும் ராமநாதபுரம் குண்டு மிளகாயும் இதே கணக்குதான்.

இன்று குண்டூர் மிளகாய் வற்றல் கப்பல் கப்பலாகச் சீனாவுக்குப் போகிறது. சந்தை பெரிதாகிவிட்டது; வருடா வருடம் வீரிய ஒட்டு விதைக்குக் காசு கொடுப்பதும் பழகிவிட்டது. ஒட்டு ரகத்தில் விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை ஒன்றுபோல வராது. விதை நம் கையைவிட்டுப் போனால், பழம் நம்ம தோட்டத்தில் பழுத்தாலும் பயிர் நமதில்லை.

இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. நாட்டு ரகத்தில் நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடிகளை அடையாளம் வையுங்கள். செடியிலேயே நன்கு பழுத்த பழத்தைப் பறித்து, நிழலில் உலர்த்தி விதை எடுங்கள். தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும் என்பதால், வேறு மிளகாய் ரகம் பக்கத்தில் இல்லாமல் தள்ளி நடுங்கள். ஒரு பிடி விதையைப் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் கொடுங்கள். நம்ம செடி பட்டுப்போனாலும் ரகம் அவரிடம் பிழைத்திருக்கும்.