மென்சீஸ் என்னும் வக்கீல்

பழமையைப் போற்றும் அரசியல்வாதி என்றால் எந்த மாறுதலைக் கண்டாலும் முகம் சுளிப்பவர் என்ற அபிப்பிராயம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. ஆனால், ஆஸ்திரேலியாவின் பிரதம மந்திரியாக மொத்தம் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் பதவி வகித்த ராபர்ட் மென்சீஸின் சரித்திரத்தை வாசிப்பவர்கள், சட்டம் தமக்கே பாதகமாகத் தீர்ப்பளிக்கும்போது ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே பழமைவாதிக்கு உரிய உண்மையான பரீட்சை என்பதை உணர்வார்கள்.

1894 டிசம்பர் 20ஆம் தேதி, விக்டோரியா மாகாணத்தின் கோதுமைப் பிரதேசத்திலுள்ள ஜெபாரிட் என்ற சிற்றூரில், பலசரக்குக் கடை நடத்திய ஒருவரின் புதல்வராகப் பிறந்த மென்சீஸ், உபகாரச் சம்பளத்தின் துணையால் படித்து, மெல்போர்ன் சர்வகலாசாலையில் சட்டத்தில் முதல் வகுப்பில் தேறி, 1918இல் வக்கீலாகி, ஓவன் டிக்ஸன் என்ற சட்ட மேதையிடம் தொழில் பழகினார். சகோதரர் இருவர் முதல் உலக யுத்தத்துக்குச் சென்றிருக்க, இவர் செல்லாதிருந்தது பிற்காலத்தில் எதிரிகளுக்கு ஆயுதமாக உதவிற்று.

இருபத்தைந்தாவது வயதில், 1920இல், அவருடைய கீர்த்திக்கு அஸ்திவாரமிட்ட வழக்கு வந்தது. மாகாண அரசாங்கத்தின் தொழில் ஸ்தாபனங்களில் வேலை செய்பவர்களையும் மத்திய அரசின் தொழில் தகராறுச் சட்டம் கட்டுப்படுத்துமா என்பது கேள்வி. பொறியியல் தொழிலாளர் சங்கத்துக்காக வாதாடிய மென்சீஸ், மாகாண அரசுகளுக்கு விலக்களித்த பழைய தீர்ப்புகளே பிழையானவை என்று நாட்டின் உச்ச நீதிஸ்தலமான ஹைக்கோர்ட்டில் நிலைநாட்டி வெற்றி பெற்றார். மத்திய அரசின் அதிகாரம் அன்று முதல் பெருகலாயிற்று.

1928இல் மாகாண மேல்சபையிலும், 1934இல் கூயோங் தொகுதியின் பிரதிநிதியாக மத்திய பார்லிமெண்டிலும் பிரவேசித்த அவர், அட்டர்னி ஜெனரலாக இருந்த காலத்தில், சீனாவின்மீது யுத்தம் தொடுத்திருந்த ஜப்பானுக்கு வார்ப்பிரும்பை ஏற்ற மறுத்த போர்ட் கெம்ப்ளா துறைமுகத் தொழிலாளரை எதிர்த்து நின்று, ‘பிக் அயர்ன் பாப்’ (வார்ப்பிரும்பு பாப்) என்ற பரிகாசப் பெயரைச் சம்பாதித்துக்கொண்டார். 1939இல் பிரதம மந்திரியாகி, சொந்தக் கட்சிக்குள்ளேயே ஆதரவு குன்றியதால் 1941இல் ராஜிநாமாச் செய்தார். அத்துடன் அவருடைய அரசியல் வாழ்வு அஸ்தமித்தது என்று பலர் கருதியிருக்க, 1942இல் அவர் ரேடியோவில் தொடர்ந்து பிரசங்கங்கள் செய்து, பெருஞ்செல்வர்களின் செல்வாக்கோ தொழிற்சங்கங்களின் பலமோ இல்லாத கடைக்காரர், மாதச் சம்பளக்காரர், குடியானவர் ஆகியோரை ‘மறக்கப்பட்ட மக்கள்’ என்று அழைத்து, அவர்களையே ஆதாரமாகக் கொண்டு 1944இல் லிபரல் கட்சிக்கு வித்திட்டு, 1949இல் மீண்டும் ஆட்சிக்கு வந்தார்.

அதன்பின் வந்ததுதான் பரீட்சை. 1950இல் அவர் கொண்டுவந்த சட்டம், கம்யூனிஸ்டுக் கட்சியைக் கலைத்ததோடு, கம்யூனிஸ்டு என்று அரசு அறிவிக்கும் ஒருவர் தாம் அவ்வாறல்லர் என்று நிரூபிக்கும் பொறுப்பையும் அவர் தலையிலேயே சுமத்தியது. அதை எதிர்த்து ஹைக்கோர்ட்டில் எழுந்த வழக்கில் இம்முறை துறைமுகத் தொழிலாளர் சங்கத்துக்காக வாதாடியவர், முன்னாள் நீதிபதியும் லேபர் கட்சிப் பிரமுகருமான எவாட். கட்சியினால் தேசப் பாதுகாப்புக்கு அபாயம் என்று பார்லிமெண்டு தானே எழுதிவைத்து, அந்த எழுத்தையே தன் அதிகாரத்துக்கு ஆதாரமாகக் காட்டலாகாது என்று கருதி, 1951 மார்ச்சில் நீதிபதிகள் எழுவரில் அறுவர் சட்டத்தைச் செல்லாதென்றனர். அந்த அறுவரில் ஒருவர் மென்சீஸின் குருவான டிக்ஸன்!

அரசியல் சட்டத்தைத் திருத்த அனுமதி வேண்டி, செப்டம்பரில் மென்சீஸ் ஜனங்களிடமே சென்றார். நூற்றுக்கு 49.4 பேரே ஆதரித்தமையாலும், ஆறு மாகாணங்களில் மூன்றே இணங்கியமையாலும் திருத்தம் தோற்றது. அவரும் முயற்சியைக் கைவிட்டார்.

அவருடைய ஆட்சியில் சர்வகலாசாலைகள் செழித்தன. வெள்ளையருக்கே முதலிடமளித்த குடியேற்றக் கொள்கையோ நீடித்தது. 1965இல் வியட்நாமுக்குத் துருப்புகள் சென்றன. 1966 ஜனவரியில் தாமே பதவி விலகிய அவர், 1978இல் காலமானார். அவருடைய கொள்கைகளில் பலவற்றைக் காலம் தள்ளிவிட்டது. எனினும், கம்யூனிஸ்டுக் கட்சியைத் தடைசெய்யத் துணிந்தது அவர் செய்த பெரும் பிழை என்று கருதுவோரும், கோர்ட்டும் ஜனங்களும் மறுத்தபின் வேறு குறுக்குவழி தேடாமல் அவர் அடங்கியதை, அவர் பயின்ற தொழிலுக்கு ஏற்ற நடத்தையென்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.